பந்துக்கு இரண்டு விரல் பின்னால்

பந்தை அடிக்கக் கூடாதாம், ஆனால் பந்து வெளியே வர வேண்டுமாம். முதல் நாள் இதைக் காதில் வாங்கியபோது, வெயில் தன் தலைக்கு ஏறிவிட்டது என்றுதான் வலியுல்லா நினைத்தான்.

"இன்னொரு தரம் வாசி," என்றார் ஸ்ரீரங்கன். மணல் பள்ளத்துக்குள் முழங்காலை மடக்கி, உட்காரப் போகிறவர் நாற்காலியைத் தேடுவது போல நின்றிருந்தார். மயிலாப்பூரில் பெயர் சொன்னாலே வீட்டுக்கு வழி காட்டுவார்கள், அவ்வளவு பெரிய வக்கீல். கோர்ட்டில் அவர் வாயைத் திறந்தால் எதிராளி தண்ணீர் கேட்பானாம். இந்தப் பள்ளத்தில் இறங்கிவிட்டால் அவர்தான் தண்ணீர் கேட்பார்.

கரைமேல் சவுக்கு நிழலில் அவருடைய ஜூனியர் அம்பி ஒரு இங்கிலீஷ் புத்தகத்தை விரித்துக்கொண்டு நின்றான். வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னான்.

"பந்தைப் பாக்கப்படாது சார். பந்துக்கு ரெண்டு விரல்கடை பின்னாடி மணலைப் பாக்கணும். அந்த மணலை அடிக்கணும்."

"சரி, பந்தை?"

"பந்தைப் பத்தி இங்க ஒண்ணும் போடலை சார்."

ஸ்ரீரங்கன் கோல்ஃப் ஸ்டிக்கை ஓங்கி இறக்கினார். ஒரு கூடை மணல் எழும்பி, ஆற்றுக் காற்றில் திரும்பி, அவர் முகத்திலேயே கொட்டியது. பந்து ஒரு சாண் உருண்டு, வெட்கப்பட்டது போல நின்றுவிட்டது.

"மணலை அடிச்சேனோல்லியோ?" கண்ணைக் கசக்கிக்கொண்டே கேட்டார்.

"அடிச்சேள் சார். ஆனா ரெண்டு விரல் இல்லை, ரெண்டு முழம் பின்னாடி."

வலியுல்லா இறங்கிப் போய்ப் பலகையால் மணலை நிரவிவிட்டுப் பந்தைப் பழைய இடத்திலேயே வைத்தான். இது அவன் வேலை இல்லை. அவன் வேலை தண்ணீர்.

அது முப்பத்து நாலாம் வருஷம். வெள்ளைக்காரர் கிளப்பில் இடம் கிடைக்காத நம்மூர்ப் பெரிய மனிதர்கள் கொஞ்சம் பேர் சேர்ந்து, அடையாற்றுக் கரையில் புறம்போக்காகக் கிடந்த நிலத்தை வளைத்து கோல்ஃப் மைதானம் என்று போட்டிருந்தார்கள். புல் நிற்காத பூமி. பந்து விழ வேண்டிய குழியைச் சுற்றி, புல்லுக்குப் பதிலாக மண்ணைத் தட்டி மெழுகி வட்டத் தரை செய்திருந்தார்கள். அதற்குப் 'பிரவுன்' என்று பெயர். தினமும் விடிந்ததும் பிரவுன்களுக்கெல்லாம் தண்ணீர் தெளித்து, உருளை ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் மதியத்துக்குள் பொடிப்பொடியாகப் பறந்துவிடும். பிரவுனுக்குக் காவல் போல முன்னால் மணல் பள்ளங்கள். அவற்றுக்கு மட்டும் கொட்டிவாக்கத்துக் கடற்கரையிலிருந்து சர்க்கரை மாதிரி வெள்ளை மணலை வண்டி வைத்துக் கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள்.

வலியுல்லா அங்கே பிஸ்தி. மஷ்க் என்று அவர்கள் சொல்லும் ஆட்டுத்தோல் துருத்தியில் ஆற்றோரக் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, வலது தோளில் வாரைப் போட்டுக்கொண்டு, இடது கையால் துருத்தியின் வாயைப் பிடித்துப் பூ மாதிரி தெளித்துக்கொண்டே போவான். அவன் அப்பனுக்கும் அதே தொழில். நவாப் வீட்டுக் கல்யாண ஊர்வலத்துக்கு முன்னால் தெருவெல்லாம் தெளித்துக்கொண்டு போனவர். தூசி எழும்பி விருந்தாளி கண்ணில் பட்டால் பிஸ்தி தலைகுனிய வேண்டும் என்பது அந்த வீட்டுப் பாடம்.

பாடம் இருந்தது, தோள்தான் போய்விட்டது. வார் அறுத்து அறுத்து வலது தோள் மரத்துப்போய், கை மேலே ஏற மறுத்தது. சோறு தின்னலாம், பீடி பற்ற வைக்கலாம். தொழுகைக்கு நின்று, 'அல்லாஹு அக்பர்' என்று இரண்டு கையையும் காதுவரை உயர்த்த வேண்டுமே, அங்கேதான் மானம் போயிற்று. இடது கை காதுக்குப் போகும். வலது கை நெஞ்சுக்கு மேலே வராது. மந்தைவெளிப் பள்ளிவாசலில் பக்கத்தில் நிற்கிறவர்கள் பார்க்கிறார்களோ என்று அவன் கடைசி வரிசைக்கு, சுவர் ஓரத்துக்குப் போய்விட்டான். தோல் துருத்தியை இறக்கி வைக்காவிட்டால் இந்தக் கை திரும்பாது என்று அவனுக்குத் தெரியும். இறக்கினால் அடுப்பு எரியாது என்பதும் தெரியும்.

இந்த விஷயம் ஸ்ரீரங்கனுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. ஒரு சாயங்காலம் மணலைத் துப்பிக்கொண்டே சொன்னார்.

"வலியுல்லா, மாசி மாச மேட்ச்சுல நான் ஜெயிச்சா உன்னை இந்தத் துருத்தியிலேர்ந்து எடுத்துடறேன். என் ஸ்டிக் பையைத் தூக்கிண்டு வா. பையை இடது தோள்ல மாட்டிக்கலாம், யாரும் கேக்கமாட்டா."

அந்தக் கிளப்பில் வருஷத்துக்கு ஒரு பெரிய ஆட்டம். ஜெயித்தவர்தான் அடுத்த மாசி வரை கேப்டன். மைதானத்து ஆளுக்கு எந்த வேலை, எந்தப் பள்ளத்தை எப்படி வைப்பது, எல்லாம் கேப்டன் வாய்ச்சொல். இந்தத் தடவை கடைசி ஆட்டத்தில் நின்றவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஸ்ரீரங்கன். இன்னொருவர் ரகுபதி நாயுடு. புதிதாகக் கிளம்புகிற தியாகராய நகரில் வீடுவீடாகக் கட்டித் தள்ளுகிற கண்ட்ராக்டர். தூர அடியில் ரகுபதி ராட்சசன். ஆனால் மணல் பள்ளம் என்றால் அவருக்குக் குலை நடுக்கம். அவருடைய பழைய ஸ்டிக்கின் இரும்பு, சவரக்கத்தி மாதிரி மெல்லிசு. வறண்ட மணலில் அது மண்வெட்டி போல இறங்கி அங்கேயே உட்கார்ந்துகொள்ளும்.

ஆக, மணலில் யார் தேறுகிறாரோ அவருக்குத்தான் கேப்டன் பதவி. வலியுல்லாவின் வலது கையும் அந்த மணலுக்குள்தான் புதைந்து கிடந்தது. அதனால்தான் தன் வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல், தினமும் சாயங்காலம் பலகையோடு பள்ளத்தோரம் நின்றான்.

நின்றானே தவிர, ஒன்றும் விளங்கவில்லை. பந்து கிட்டத்தில் விழ வேண்டுமானால் ஓங்கி அடிக்க வேண்டும் என்றான் அம்பி. மெதுவாக அடித்தால் போகவே போகாதாம். குழி நேரே இருந்தால் நாம் இடது பக்கம் பார்த்து நிற்க வேண்டுமாம். இரும்பின் முகம் வானத்தைப் பார்க்க வேண்டுமாம். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம்: அடிப்பதற்கு முன்னால் ஸ்டிக் மணலில் படவே கூடாது.

"மணலைத் தொடக் கூடாதா சாமி?"

"தொடப்படாது," என்றான் அம்பி.

"ஆனா மணலைத்தான் அடிக்கணுமா?"

"ஆமாம்."

"பந்தை அடிக்கக் கூடாதா?"

"கூடாது."

வலியுல்லா பலகையை மணலில் ஊன்றினான். "அப்போ பந்து இன்னாத்துக்கு சாமி?"

ஸ்ரீரங்கன் அம்பியைப் பார்த்தார். அம்பி புத்தகத்தைப் பார்த்தான்.

மவுண்ட் ரோடு கடை ஒன்றுக்குக் கப்பலில் வந்த புது ஸ்டிக்கை வாங்கிய பிறகுதான் காரியம் தேறியது. அதன் இரும்புக்கு அடிப்பாகம் பானையின் அடி போல உப்பலாக இருந்தது. உலர்ந்த மணலில் அது புதையாமல், ஓடம் தண்ணீரில் போவது போலப் பந்துக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போயிற்று. ஸ்ரீரங்கன் இரண்டு விரல் பின்னால் அடிப்பார், 'புஸ்' என்று ஒரு சத்தம். மணல் விசிறியாக எழும்பும், அதன் நடுவிலிருந்து பந்து எழுந்து, பிரவுன்மேல் மல்லிகைப் பூ விழுவது போல விழும். முதல் தரம் அப்படி விழுந்தபோது வக்கீல் ஸ்டிக்கைப் போட்டுவிட்டுக் கையைத் தட்டினார். ஏன் விழுந்தது என்று வலியுல்லாவுக்குத் தெரியாது. தன் தோளில் ஏதோ இளகியது போல மட்டும் இருந்தது.

ஆட்டத்துக்கு முதல் நாள். பழக்கமெல்லாம் முடித்து ஸ்ரீரங்கன் கரையேறினார். கண் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது.

"எல்லாம் கைக்கு வந்துடுத்து அம்பி. இந்த மணல் கண்ணுல விழறது பாரு, அது ஒண்ணுதான். நாளைக்கு அடிக்கற நேரத்துல கண்ணை மூடிண்டுட்டேனோ, போச்சு."

அந்த வார்த்தை வலியுல்லாவின் காதில் முள்ளாகத் தைத்தது. இருபது வருஷமாகத் தூசியை அடக்குகிற பிஸ்தி பக்கத்திலேயே நிற்க, ஒரு பெரிய மனிதர் கண்ணில் மண்ணா?

வீட்டில் ஜமீலுன்னிசா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் பேச்சையெல்லாம் கேட்டுவிட்டு, செதில் ஒட்டிய கையை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"மண்ணு பறக்குதுன்னா தண்ணி தெளிக்கிறது. இதுக்குப் போய் முகத்த தூக்கி வெச்சிக்கினு கீறியே. ஊருக்கெல்லாம் தெளிக்கிறே, அந்தப் பள்ளத்துக்குத் தெளிக்கத் தெரியாதா?"

"பள்ளத்துக்குத் தெளிக்கச் சொல்லி யாரும் சொல்லலியே."

"தெளிக்க வேணாம்னு யாராவது சொன்னாங்களா?"

யாரும் சொல்லவில்லைதான். அவனும் புரண்டு புரண்டு யோசித்தான். கடற்கரையில் உலர்ந்த மணலில் கால் புதையும், அலை நனைத்த மணலில் புதையாது. பந்தும் அப்படித்தானே? ஈர மணலில் பந்து மேலேயே உட்கார்ந்திருக்கும், அடிக்க லேசு. மண்ணும் கண்ணுக்குப் பறக்காது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

மறுநாள் விடிந்ததும் பிரவுன்களை நனைத்த கையோடு, அவர்கள் பழகிய கடைசிப் பள்ளத்துக்கும் போனான். தோள் வேண்டாம் வேண்டாம் என்றது. பல்லைக் கடித்துக்கொண்டு, நவாப் வீட்டுத் தெருவுக்குத் தெளிப்பது போல ஓரம் விடாமல் தெளித்தான். மணல் குடிக்கக் குடிக்க ஊற்றினான். பலகையால் நிரவினான். பிறகு கால் வைத்துப் பார்த்தான். புதையவில்லை. அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆட்டம் வெயில் ஏறியபிறகு ஆரம்பித்தது. சட்டைக்குக் கஞ்சி போட்ட மனிதர்கள் ஏழெட்டுப் பேர் பின்னாலேயே குடை பிடித்துக்கொண்டு நடந்தார்கள். வலியுல்லா துருத்தியை வேப்பமரத்தடியில் போட்டுவிட்டுக் கடைசிப் பிரவுன் ஓரத்தில் காத்திருந்தான். அவர்கள் அங்கே வந்து சேர்ந்தபோது இரண்டு பேரும் சமம். இந்தக் கடைசிக் குழி யாருக்கோ, ஆட்டமும் அவருக்கே.

ரகுபதி அடித்த பந்து வானத்தில் புள்ளியாகிப் பள்ளத்தில் விழுந்தது. கூட்டத்தில் 'உச்' கொட்டினார்கள். ரகுபதி நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"போச்சுடா நைனா. இனி அந்திக்குத்தான் நான் வெளிய வருவேன். யாராவது வூட்ல சொல்லிடுங்க."

ஸ்ரீரங்கன் அடித்ததும் அதே பள்ளத்தில், இன்னும் கொஞ்சம் தள்ளி விழுந்தது. ஆனால் அவர் முகத்தில் கவலை இல்லை. அம்பிகூடப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சிரித்தான். வலியுல்லா மனசுக்குள் பிஸ்மில்லா சொல்லிக்கொண்டான்.

குழிக்குத் தூரத்தில் கிடக்கிற பந்தைத்தான் முதலில் அடிக்க வேண்டும். ஸ்ரீரங்கன் உள்ளே இறங்கினார். வெயிலில் மணலின் மேல்தோல் காய்ந்து, எப்போதும் போல வெள்ளையாகத்தான் இருந்தது. காலை ஊன்றியவர் நின்றுவிட்டார். பூட்ஸைத் திருகிப் பார்த்தார்.

"அம்பி, கீழே கெட்டியா இருக்கே."

"கெட்டியா இருந்தா நல்லதுதானே சார்?"

"நல்லதா? புஸ்தகத்துல என்ன போட்டிருக்கு?"

அம்பி அவசரமாகப் புரட்டினான். "கெட்டி மணலைப் பத்தி... அந்தப் பக்கம் நான் இன்னும் வாசிக்கலை சார்."

ஸ்டிக்கால் தட்டிப் பார்க்கலாம் என்றால் சட்டம் விடாது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்ரீரங்கன் மூச்சை இழுத்துக்கொண்டு, பழகியது பழகியபடி, இரும்பின் முகத்தை வானத்துக்குக் காட்டி, பந்துக்கு இரண்டு விரல் பின்னால் ஓங்கி அடித்தார்.

'புஸ்' என்ற சத்தம் வரவில்லை. 'டண்' என்றது. உப்பிய அடிப்பாகம் ஈர மணலில் இறங்காமல், கல்லில் பட்டதைப் போல எகிறி, பந்தின் நடு வயிற்றில் மோதியது. பந்து பிரவுனைத் தாண்டி, சவுக்கு வேலியைத் தாண்டி, ஆற்றைப் பார்க்கப் போயிற்று. தூரத்தில் ஒரு கொக்கு எழும்பிப் பறந்தது.

கண்ணில் ஒரு துளி மணல் விழவில்லை. ஸ்ரீரங்கன் இரண்டு கண்ணையும் அகலமாகத் திறந்துகொண்டு பந்து போன திசையைப் பார்த்தபடி நின்றார்.

ரகுபதி இறங்கினார். அவர் புத்தகம் பார்த்தவர் இல்லை. கண்ணை இறுக்கிக்கொண்டு, விறகு பிளப்பது போல ஒரே போடு. மெல்லிசு இரும்பு ஈர மணலைச் சீவிக்கொண்டு போயிற்று, கொத்தன் கரண்டியில் கலவையை அள்ளுவது போல. பந்து அந்தக் கலவையோடு எழும்பிப் பிரவுன்மேல் 'சொத்'தென்று விழுந்து, குழிக்கு அருகில் போய் உட்கார்ந்தது. எல்லோரையும்விட அதிகமாகத் திகைத்தவர் ரகுபதிதான்.

"யோவ், நானா அடிச்சேன்?" என்று சுற்றிலும் கேட்டார்.

ஸ்ரீரங்கன் தொப்பியைக் கழற்றி, கை குலுக்கி, ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். ரகுபதி குனிந்து ஒரு பிடி மணல் அள்ளிப் பிசைந்தார். கொழுக்கட்டையாகப் பிடிபட்டது.

"இது நம்ம மண்ணாச்சே! மாம்பலத்துல தெனமும் கையில புடிக்கிற மண்ணு. யாருய்யா தண்ணி உட்டது?"

வலியுல்லா ஒரு அடி முன்னால் வந்தான். பொய் சொல்லலாம் என்றால், ஆற்றிலிருந்து தண்ணீர் தானாகவா ஏறி வரும்?

"நான்தான் சாமி."

ஸ்ரீரங்கன் திரும்பினார். "நீயா? யார் சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல சாமி. உங்க கண்ணுல மண்ணு உழுதுன்னு நேத்து சொன்னீங்களே. அதான், உழக்கூடாதுன்னு..."

அம்பி கொதித்தான்.

"சார், விடப்படாது. கமிட்டிக்கு எழுதிக் குடுத்து மறுபடி ஆடலாம்."

"என்னன்னு எழுதறது?" ஸ்ரீரங்கனின் குரலில் கோபம் இருந்ததா சிரிப்பு இருந்ததா என்று வலியுல்லாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. "எனக்கு நல்லது பண்ணணும்னு என் பக்கத்து ஆள் தண்ணி தெளிச்சான், அதனால நான் தோத்தேன்னா? இதுல நான் வாதியா, பிரதிவாதியா? இப்படி ஒரு கேஸ் வந்தா நானே எடுத்துக்க மாட்டேன்டா." பையைத் தானே தூக்கிக்கொண்டு, ஆற்றுப் பாலத்துப் பக்கம் நிற்கும் காருக்கு நடந்தார்.

அந்தப் பை போவதையே வலியுல்லா பார்த்துக்கொண்டு நின்றான். முதுகில் ஒரு தட்டு விழுந்தது. ரகுபதி.

"இன்னா பாய், நீதான் என்னை கேப்டன் ஆக்கினே. நாளையிலேர்ந்து எல்லாப் பள்ளத்துக்கும் இதே மாதிரி தண்ணி உடு. ஒண்ணு விடக் கூடாது, இன்னா?"

துருத்தியைக் கழற்றத்தான் அவன் தண்ணீர் தெளித்தான். இப்போது பிரவுன்களோடு பள்ளங்களும் அவன் தோளில் ஏறிவிட்டன. வீட்டில் சொன்னபோது ஜமீலுன்னிசா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"நான் தெளின்னு சொன்னேன். அவ்ளோ நல்லா தெளிக்கச் சொன்னேனா?"

பள்ளங்கள் பிரவுன் மாதிரி இல்லை. எவ்வளவு ஊற்றினாலும் குடித்துவிட்டு வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. வெயில் உச்சிக்கு வந்தும் பாதிப் பள்ளங்கள் காய்ந்தே இருக்கும். இப்போது வலது கை சோற்றுத் தட்டுக்குப் போவதற்கே யோசித்தது. ஒரு நாள் ரகுபதி ஆட வந்தார். அவர் பந்து விழுந்த பள்ளம், அவன் இன்னும் போய்ச் சேராத பள்ளம். மெல்லிசு இரும்பு பழையபடி புதைந்து உட்கார்ந்தது. ஒன்று, இரண்டு, மூன்று அடி. மூன்றாவதற்குப் பிறகு அவர் ஸ்டிக்கைத் தூக்கி எறிந்துவிட்டு மைதானம் அதிரக் கத்தினார்.

"பாய்! எங்கய்யா தண்ணி?"

வலியுல்லா தூரத்தில் துருத்தியோடு, ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து வந்துகொண்டிருந்தான். இன்றோடு வேலை போயிற்று என்றுதான் நினைத்தான். ரகுபதி அவனையும் துருத்தியையும் பள்ளத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கட்டடக்காரர் கண்ணல்லவா?

"இதுலயா ஊத்திக்கினு கீறே? இதுல ஊத்துனா என் பேரன் கேப்டன் ஆவற வரைக்கும் ஊத்தணும். எனக்கு ஈரம் வேணும்யா, கதை வேணாம்."

மறுநாள் தியாகராய நகர் வேலையிடத்திலிருந்து ஒரு பீப்பாய் வண்டி வந்தது. அடியில் குழாய், முன்னால் ஒரு கிழட்டு வெள்ளைக் காளை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூட நடக்க வேண்டியது, பிரவுனோ பள்ளமோ வந்ததும் குழாயைத் திறக்க வேண்டியது. அவ்வளவுதான் வேலை. அவனை யாரும் பாவம் பார்க்கவில்லை, யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மஷ்க் வேப்பமரத்து ஆணியில் ஏறித் தொங்கியது.

ஸ்ரீரங்கன் மறுபடியும் சாயங்காலங்களில் வர ஆரம்பித்தார். அம்பி இப்போது புத்தகத்தின் பிற்பகுதியை வாசித்தான். ஈர மணலுக்கு இரும்பின் முகத்தை மூட வேண்டுமாம், இரண்டு விரல் இல்லை, ஒரு விரலாம், ஓங்காமல் அடிக்க வேண்டுமாம். முன்னால் சொன்னதெல்லாம் தலைகீழ். பள்ளத்தில் இறங்குமுன் வக்கீல் வண்டிப் பக்கம் திரும்பி ஒரு கேள்வி கேட்பார்.

"வலியுல்லா, இன்னிக்கு ஈரமா, உலர்ந்ததா?"

"மேல காஞ்சி கீது சாமி. உள்ள எப்டின்னு தெரியல."

அவர் சிரிப்பாரா முறைப்பாரா என்று ஒவ்வொரு தடவையும் பார்ப்பான். அவர் இரண்டும் செய்யாமல் உள்ளே இறங்கிவிடுவார். பையை வேறு ஒருவன் தூக்கினான்.

பங்குனி கழிந்து ஒரு வெள்ளிக்கிழமை வலியுல்லா கடைசி வரிசையில் சுவர் ஓரமாக நின்று, 'அல்லாஹு அக்பர்' என்று தக்பீர் கட்டினான். இடது கை காதுக்குப் போயிற்று. வலது கை நெஞ்சைத் தாண்டி, தாடையைத் தாண்டி, காதுக்கு இரண்டு விரல் கீழே வந்து நின்றது. அவன் அதை நம்பாமல் அப்படியே கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்ததில், இமாம் ருகூவுக்குக் குனிந்தும் அவன் குனிய மறந்தான்.

தொழுகை முடிந்து துஆவுக்குக் கையேந்தியபோது குழப்பம் வந்தது. யாருக்காகக் கேட்பது? தூக்கிவிடுகிறேன் என்று வாய் திறந்து சொன்னவர் ஸ்ரீரங்கன். அவரைத்தான் இவன் தோற்கடித்தான். தூக்கிவிட்டவர் ரகுபதி. அவருக்கோ இவன் தோளைப் பற்றி ஒன்றும் தெரியாது. வக்கீல் ஜெயிக்கட்டும் என்று கேட்டால் பீப்பாய் வண்டி போய்விடும். ரகுபதி ஜெயிக்கட்டும் என்று கேட்டால் நன்றி கெட்டவன் ஆகிவிடுவான். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் முகத்தைத் தடவிக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். இவன் ஏந்திய கை ஏந்தியபடி உட்கார்ந்திருந்தான்.

கடைசியில், அந்தக் காளை நன்றாக இருக்க வேண்டும் என்று கேட்டுவிட்டு எழுந்தான்.